லிங்கனின் விடுதலைப் பிரகடனம்: ஒரு வழக்கறிஞர் எழுதிய போர் உத்தரவு

1863 ஜனவரி 1 அன்று லிங்கன் ஒரு கையெழுத்துப் போட்டார், அமெரிக்காவில் அடிமைகள் எல்லாரும் விடுதலை ஆனார்கள் என்றுதான் நம்மில் பலரும் கேள்விப்பட்டிருக்கிறோம். இதற்கு நேர்மாறான பேச்சும் இப்போது பரவலாக இருக்கிறது. அந்தப் பிரகடனம் ஒருவரைக்கூட விடுவிக்கவில்லையாம். தன் பேச்சு செல்லாத எதிரிப் பகுதிகளுக்கு உத்தரவு போட்டுவிட்டு, தன் கையிலிருந்த பகுதிகளை லிங்கன் கண்டுகொள்ளவே இல்லையாம்.

இரண்டும் தவறு. அந்தத் தாளை ஒரு மேடை உரையைப் போல நினைத்துக்கொள்வதால் வரும் தவறு இது. அதை எழுதியவர் ஏறக்குறைய கால் நூற்றாண்டு நீதிமன்றங்களில் வாதாடியவர். எந்த அதிகாரத்தில் எழுதுகிறோம், அந்த அதிகாரம் எதுவரை செல்லும், யார் வழக்குப் போட்டால் எந்த வரி நிற்கும் என்று கணக்குப் பார்த்து எழுதியிருக்கிறார். அந்தக் கணக்கு புரிந்தால் பிரகடனம் என்ன செய்தது, எதைச் செய்யவில்லை, அதற்குப் பிறகு ஏன் ஓர் அரசமைப்புத் திருத்தம் தேவைப்பட்டது என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

## லிங்கன் எப்படிப்பட்ட வழக்கறிஞர்?

ஆபிரகாம் லிங்கன் 1809 பிப்ரவரி 12 அன்று கென்டக்கி மாநிலத்தில் ஒரு மரக்குடிசையில் பிறந்தார். குடும்பம் 1816இல் இண்டியானாவுக்கும் 1830இல் இல்லினாய்ஸுக்கும் குடிபெயர்ந்தது. பள்ளிக்குப் போன நாட்களையெல்லாம் கூட்டினாலும் ஓராண்டு தேறாது என்று அவரே எழுதியிருக்கிறார். சட்டக் கல்லூரிப் படிப்பும் கிடையாது. அந்தக் காலத்தில் அது அதிசயமும் இல்லை. புத்தகங்களைத் தானே படித்துத் தேறி உரிமம் வாங்குவது வழக்கத்தில் இருந்தது. ஜான் டாட் ஸ்டூவர்ட் என்ற வழக்கறிஞர் புத்தகங்களைக் கடன் கொடுத்தார். 1836இல் லிங்கனுக்கு உரிமம் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்துக்குப் போய் அதே ஸ்டூவர்ட்டுடன் கூட்டாகத் தொழில் தொடங்கினார்.

அரசியல் இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1832இல் மாநிலச் சட்டமன்றத்துக்கு நின்று தோற்றார். 1834 முதல் தொடர்ந்து நான்கு முறை வென்றார். 1847 முதல் 1849 வரை ஒரே ஒரு தவணை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் இருந்தார். (பள்ளி விழாக்களில் வாசிக்கப்படும் ‘மகனின் ஆசிரியருக்கு லிங்கன் எழுதிய கடிதம்’ அவர் எழுதியது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அவருடைய உண்மையான கடிதங்கள் ஏராளமாக இருக்கின்றன. அவை இதைவிடப் பல மடங்கு கூர்மையானவை. கீழே சிலவற்றைப் பார்க்கப் போகிறோம்.)

அவரும் அவருடைய கூட்டாளிகளும் எடுத்த வழக்குகள் 5,000க்கும் மேல். பெரும்பகுதி கடன் வழக்குகள்: எழுதிக்கொடுத்த நோட்டுக்குப் பணம் தரவில்லை, வாங்கிய மாட்டுக்கு விலை பாக்கி, எல்லைத் தகராறு. ஆண்டுக்கு இரண்டு முறை நீதிபதி டேவிட் டேவிஸோடு மற்ற வழக்கறிஞர்களும் சேர்ந்து மாவட்டம் மாவட்டமாகப் போவார்கள். ஊருக்குச் சில நாள் நீதிமன்றம் கூடும். அன்று காலை வந்த கட்சிக்காரருக்கு அன்று மதியமே வாதாட வேண்டியிருக்கும். கையிலிருக்கும் சட்டத்தில் எந்த வரி உதவும், எது உதவாது என்று சட்டென்று பார்க்கும் பழக்கம் அங்கே வந்தது.

அடிமைமுறை தொடர்பாக அவர் எடுத்த இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1841இல் இல்லினாய்ஸ் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடன் நோட்டு வழக்கு வந்தது. நான்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணை விலைக்கு வாங்கியதாக ஒருவர் எழுதிக்கொடுத்த நோட்டு அது. இந்த மாநிலத்தில் ஒவ்வொருவரும் சுதந்திரமானவர் என்றே சட்டம் கருதுகிறது, சுதந்திரமான ஒருவரை விற்க முடியாது, ஆகவே நோட்டு செல்லாது என்று லிங்கன் வாதாடினார், வென்றார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1847இல், எதிர்ப்பக்கம் நின்றார். ராபர்ட் மேட்சன் என்ற கென்டக்கி நிலக்கிழார், இல்லினாய்ஸில் தன் பண்ணைக்குக் கொண்டுவந்திருந்த ஜேன் பிரையன்ட் என்ற பெண்ணையும் அவர் பிள்ளைகளையும் திரும்பக் கேட்டு வழக்காடினார். லிங்கன் மேட்சனுக்காக வாதாடினார், தோற்றார். ஜேனும் பிள்ளைகளும் விடுதலை பெற்றார்கள்.

இந்த இரண்டாவது வழக்கை மூடி மறைக்கத் தேவையில்லை, அதை வைத்தே மனிதரை முடிவுகட்டவும் வேண்டாம். அடிமைமுறை தவறு என்பது அவருடைய தீராத கருத்து. “அடிமைமுறை தவறில்லை என்றால் எதுவுமே தவறில்லை” என்று பின்னாளில், 1864 ஏப்ரலில், ஒரு கடிதத்தில் எழுதினார். தவறு என்று நினைப்பது ஒன்று, அதை நீக்கும் அதிகாரம் தன்னிடம் இருப்பது வேறு என்பதில் கடைசிவரை கறாராக இருந்தார். பிரகடனத்தின் ஒவ்வொரு வரியிலும் அந்தக் கறார் தெரியும்.

## அடிமைமுறை யாருடைய சட்டம்?

அமெரிக்காவில் மாநிலங்கள் உண்டு, அவற்றுக்கு மேல் ஒன்றிய அரசு உண்டு. சொத்து, திருமணம், வாரிசுரிமை எல்லாம் மாநிலச் சட்டங்கள். அடிமைமுறையும் அப்படித்தான் இருந்தது: ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் சொத்து என்று மாநிலச் சட்டம் சொல்லிற்று. 1860இல் 15 மாநிலங்களில் அது சட்டப்படி நடந்தது. அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளாகப் பதிவானவர்கள் 39 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேல்.

குடியரசுத் தலைவருக்கோ காங்கிரஸுக்கோ மாநிலத்துக்குள் நுழைந்து அந்தச் சட்டத்தை ரத்துசெய்ய அதிகாரம் இல்லை. அடிமைமுறையை வெறுத்தவர்களிலும் பெரும்பாலோர் இதை ஒப்புக்கொண்டிருந்தார்கள். லிங்கனின் குடியரசுக் கட்சி கேட்டதெல்லாம் மாநிலமாகாத புதிய மேற்குப் பகுதிகளுக்கு அடிமைமுறை பரவக்கூடாது என்பதுதான். அதற்கும் 1857இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ட்ரெட் ஸ்காட் வழக்கில் தலைமை நீதிபதி ரோஜர் டேனி, புதிய பகுதிகளில் அடிமைமுறையைத் தடுக்கக் காங்கிரஸால் முடியாது என்றும், கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களே அல்லர் என்றும் எழுதினார்.

அரசமைப்பையே திருத்தலாமே என்று கேட்கலாம். அரசமைப்புத் திருத்தம் என்பது காங்கிரஸின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கும், பிறகு நான்கில் மூன்று பங்கு மாநிலங்களின் ஒப்புதலும் பெற வேண்டிய மாற்றம். 1861 தொடக்கத்தில் இருந்த 34 மாநிலங்களில் 26 சம்மதிக்க வேண்டும். அதாவது 9 மாநிலங்கள் மறுத்தாலே போதும், திருத்தம் செத்துவிடும். அடிமை மாநிலங்கள் 15. அமைதிக்காலத்தில் அந்தக் கதவு இறுகச் சாத்தியிருந்தது.

1861 மார்ச் 4 அன்று குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற லிங்கன், அடிமைமுறை இருக்கும் மாநிலங்களில் அதில் தலையிடும் எண்ணம் தனக்கு இல்லை, அப்படித் தலையிடச் சட்டப்படி தனக்கு உரிமையும் இல்லை என்றே உரையில் சொன்னார். தேர்தலுக்குப் பின் பிரியத் தொடங்கிய மாநிலங்கள் அதை நம்பவில்லை. ஏப்ரல் 12 அன்று தென் கரோலினாவின் சம்டர் கோட்டை மீது குண்டு விழுந்தது. கடைசியில் 11 மாநிலங்கள் பிரிந்து தென் கூட்டமைப்பு என்று தனி அரசு அமைத்தன.

ஆக, அடிமைமுறை மாநிலச் சட்டத்தில் நின்றது, குடியரசுத் தலைவர் அதைத் தொட முடியாது, திருத்தம் கொண்டுவர வாக்கு இல்லை. இந்த மூன்றும் மனதில் இருக்கட்டும். போர் தொடக்கத்தில் இதில் முதலாவதையும் மூன்றாவதையும் தொடவில்லை. இரண்டாவதில் மட்டும் ஒரு சந்து திறந்தது.

## போர்க்கால அதிகாரம்

பெருவெள்ளம் வந்தால் மாவட்ட ஆட்சியர் தனியாருடைய லாரிகளையும் படகுகளையும் கல்யாண மண்டபத்தையும் நிவாரண வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். உரிமையாளர் மறுக்க முடியாது. ஆனால் ‘இனி இந்த மாவட்டத்தில் யாரும் லாரி வைத்திருக்கக் கூடாது’ என்று அவர் சட்டம் போட முடியாது. தண்ணீர் எட்டிப்பார்க்காத பக்கத்துத் தாலுகாவில் போய் மண்டபத்தைக் கையகப்படுத்தவும் முடியாது. அவசரம் எங்கே இருக்கிறதோ அங்கே, எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் அந்த அதிகாரம்.

போர்க்கால அதிகாரமும் இதே வகை. குடியரசுத் தலைவர் முப்படைகளின் தலைமைத் தளபதியும் ஆவார். போர் நடக்கும்போது எதிரியின் பலத்தைக் குறைக்கத் தேவையானவற்றைச் செய்யும் அதிகாரம் அந்தப் பதவியிலிருந்து வருகிறது. எதிரியின் குதிரையையும் வண்டியையும் பருத்திப் பொதியையும் ராணுவம் எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால், சட்டம் ‘சொத்து’ என்று சொன்ன மனிதர்களை?

இந்தக் கேள்வியை முதலில் எழுப்பியது தலைநகர் வாஷிங்டன் அல்ல. தப்பி வந்த மூன்று பேர். ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மலோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட். 1861 மே மாதம் வர்ஜீனியாவில் தென்படைக்காகப் பீரங்கி மேடை கட்டும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டிருந்த இவர்கள், இரவில் படகேறி, ஒன்றியப் படையின் கையிலிருந்த மன்றோ கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். மறுநாள் தென்படை அதிகாரி ஒருவர் வெள்ளைக்கொடியோடு வந்து, ஓடிப்போன அடிமைகளைத் திருப்பித்தரும் சட்டப்படி இவர்களைக் கொடுங்கள் என்று கேட்டார். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் மாசசூசெட்ஸில் வழக்கறிஞராக இருந்தவர். நாங்கள் தனி நாடு என்று வர்ஜீனியா சொல்கிறது. வேறு நாட்டுக்கு எங்கள் சட்டம் பொருந்தாது, போரில் எங்களுக்கு எதிராகப் பயன்பட்டவர்களை நான் போர்ப் பறிமுதலாக வைத்துக்கொள்கிறேன் என்று பதில் சொல்லிவிட்டார். உரிமையாளர் வந்து ஒன்றியத்துக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தால் தருவதாகவும் சேர்த்துக்கொண்டார். அவர் வரவில்லை. செய்தி பரவியதும் அந்தக் கோட்டையை நோக்கி மக்கள் வரத் தொடங்கினார்கள். பிறகு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். விடுதலையின் வரலாற்றில் லிங்கனுடைய பெயருக்கு முன்னால் இந்த மூவரின் பெயர் வர வேண்டும் என்பேன். அவர்கள் தப்பி வராமலிருந்தால் பட்லருக்கு அந்த வாதத்தை எழுப்ப வேண்டிய தேவையே வந்திருக்காது.

காங்கிரஸ் இதைச் சட்டமாக்கியது. 1861 ஆகஸ்ட் 6இல் வந்த முதல் பறிமுதல் சட்டம், தென்படை வேலையில் நேரடியாக ஈடுபடுத்தப்பட்ட அடிமைகள் மீது உரிமையாளருக்கு இருந்த உரிமையை நீக்கியது. 1862 ஜூலை 17இல் வந்த இரண்டாவது சட்டம் இன்னும் விரிந்தது: கிளர்ச்சியாளர்களின் அடிமைகள் ஒன்றியப் படையிடம் வந்து சேர்ந்தால் என்றென்றைக்கும் சுதந்திரர். நடைமுறையில் சிக்கல் என்னவென்றால், இன்ன உரிமையாளர் கிளர்ச்சியாளரா என்பதை ஒவ்வொருவர் விஷயத்திலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது.

## லிங்கன் ஏன் இரண்டு தளபதிகளின் உத்தரவை ரத்துசெய்தார்?

பலருக்கும் குழப்பம் தரும் இடம் இது. 1861 ஆகஸ்ட் 30 அன்று தளபதி ஃப்ரீமான்ட், மிசௌரி மாநிலத்தில் கிளர்ச்சியாளர்களின் அடிமைகள் சுதந்திரர் என்று அறிவித்தார். லிங்கன் ரத்துசெய்தார். 1862 மே மாதம் தளபதி ஹன்டர், ஜார்ஜியா, ஃப்ளோரிடா, தென் கரோலினா மூன்றிலும் அடிமைகள் சுதந்திரர் என்றார். அதையும் ரத்துசெய்தார். அப்படிப்பட்டவர் நான்கே மாதத்தில் தானே பிரகடனம் செய்தது எப்படி?

ஃப்ரீமான்ட் விஷயமாக நண்பர் ஆர்வில் பிரவுனிங்குக்கு எழுதிய கடிதத்தில் காரணம் இருக்கிறது. ஒரு தளபதிக்கு முகாம் போடவோ மேய்ச்சலுக்கோ தனியார் பண்ணை தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். தேவை இருக்கும்வரை வைத்துக்கொள்ளலாம். தேவை தீர்ந்த பிறகும் அந்தப் பண்ணை உரிமையாளருக்கோ வாரிசுகளுக்கோ சொந்தமில்லை என்று சொல்ல முடியாது, அது ராணுவச் சட்டம் அல்ல, வெறும் அரசியல். அடிமைகள் விஷயமும் இதுவே என்று எழுதினார். பிரகடனத்தின் மூலம் நிரந்தரச் சொத்து விதிகளை ஒரு தளபதியோ குடியரசுத் தலைவரோ போட முடிந்தால் அதைச் சட்டப்படி நடக்கும் அரசு என்று சொல்ல முடியுமா என்றும் கேட்டார். அந்தக் கடிதத்தின் தேதி 1861 செப்டம்பர் 22. சரியாக ஓராண்டு கழித்து, 1862 செப்டம்பர் 22 அன்றுதான், அவருடைய முதற்கட்டப் பிரகடனம் வெளியானது.

இடையில் என்ன நடந்தது? முதலில் சுற்றுவழியை முயன்றார். ஒன்றியத்தை விட்டுப் பிரியாத அடிமை மாநிலங்கள் நான்கு: டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி. இவற்றை எல்லை மாநிலங்கள் என்பார்கள். நீங்களே சட்டமியற்றி விடுவியுங்கள், உரிமையாளர்களுக்கு ஒன்றிய அரசு இழப்பீடு தரும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மாநிலச் சட்டத்தை மாநிலமே மாற்றிக்கொண்டால் யாரும் வழக்குப் போட முடியாது அல்லவா? எந்த மாநிலமும் இசையவில்லை. ஒன்றிய அரசின் நேரடிப் பொறுப்பிலிருந்த தலைநகரில் மட்டும் 1862 ஏப்ரல் 16 அன்று, தலைக்குச் சராசரி 300 டாலர் வரை இழப்பீட்டோடு, சுமார் 3,000 பேர் விடுவிக்கப்பட்டார்கள்.

போரும் இழுத்துக்கொண்டே போனது. தெற்கின் வயல்களில் உழுததும், அகழிகள் தோண்டியதும், படைக்கு வண்டி ஓட்டியதும் அடிமைப்படுத்தப்பட்டவர்கள். அவர்கள் உழைத்ததால்தான் தெற்கின் வெள்ளையர்கள் துப்பாக்கி பிடிக்கப் போக முடிந்தது. இந்த உழைப்பை எதிரியிடமிருந்து பறிப்பது ராணுவத் தேவை என்று இப்போது வாதாட முடியும். ஹன்டரின் உத்தரவை ரத்துசெய்தபோதே, தலைமைத் தளபதிக்கு இப்படியோர் அதிகாரம் உண்டா, அதைப் பயன்படுத்தும் கட்டாயம் வந்துவிட்டதா என்ற கேள்விகளைத் தானே தீர்மானிக்கப் போவதாக எழுதியிருந்தார். களத்தில் நிற்கும் தளபதிகள் ஆளுக்கொரு கொள்கை வகுக்கக் கூடாது என்பது அவர் நிலை. அந்த வாக்கியத்தில் ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தார்.

## ஆவணம் உருவான விதம்

1862 ஜூலை 22 அன்று அமைச்சரவையில் வரைவை வாசித்தார். போர்க்களத்தில் தோல்வி மேல் தோல்வி வந்துகொண்டிருந்த நேரம். இப்போது வெளியிட்டால் ஓய்ந்துபோன அரசின் கடைசிக் கதறல் போலத் தெரியும், ஒரு வெற்றி வரட்டும் என்றார் வெளியுறவு அமைச்சர் செவார்ட். வரைவு உள்ளே போனது. ஒரு மாதம் கழித்து பத்திரிகை ஆசிரியர் ஹொரேஸ் கிரீலிக்கு எழுதிய பதிலில்தான், ஓர் அடிமையையும் விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காக்க முடிந்தால் அப்படியே செய்வேன் என்ற வரி வருகிறது. அவருக்கு அக்கறையே இல்லை என்று காட்ட இந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்துச் சொல்கிறார்கள். அதை எழுதியபோது விடுதலை வரைவு தயாராக இருந்தது என்பதையும், அதே கடிதத்தின் முடிவில் எங்கும் எல்லா மனிதரும் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்ற தன் தனிப்பட்ட விருப்பத்தில் மாற்றமில்லை என்று எழுதியதையும் விட்டுவிடுகிறார்கள்.

செப்டம்பர் 17 அன்று மேரிலாந்தில் ஆன்டீட்டம் சண்டை நடந்தது, அதன் பிறகு தென்படை பின்வாங்கியது. சண்டை நடந்த ஐந்தாம் நாள் முதற்கட்டப் பிரகடனம் வெளியானது: ஜனவரி 1 அன்று எந்தப் பகுதிகள் இன்னும் கிளர்ச்சியில் இருக்கின்றனவோ அங்குள்ள அடிமைகள் சுதந்திரர். எதிர்த்தரப்புக்கு வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்புவதைப் போல, சுமார் 100 நாள் கெடு. எந்த மாநிலமும் திரும்பி வரவில்லை.

1863 ஜனவரி 1 காலையில் கையெழுத்துக்கு வந்த நகலில் முடிவுப் பகுதியின் வாசகம் உத்தரவுக்குரிய முறையில் இல்லை. லிங்கன் கையெழுத்துப் போடாமல் திருத்தத் திருப்பி அனுப்பினார். புத்தாண்டு வரவேற்பில் மணிக்கணக்கில் கைகுலுக்கியதில் கை நடுங்கியது. நடுங்கிய எழுத்தைப் பார்த்துத் தயங்கினான் என்று நாளை சொல்வார்கள் என்று சொல்லிக்கொண்டு, மதியத்துக்குப் பிறகு வழக்கத்துக்கு மாறாக முழுப் பெயரையும் நிதானமாக எழுதினார்.

## உள்ளே என்ன இருக்கிறது?

அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறார்: ஆயுதக் கிளர்ச்சி நடக்கும் காலத்தில், தலைமைத் தளபதி என்ற முறையில், கிளர்ச்சியை ஒடுக்கத் தகுந்த, தேவையான போர் நடவடிக்கையாக. இந்த ஒரு வாக்கியம்தான் முழு ஆவணத்தையும் தாங்குகிறது.

அடுத்து இடங்களின் பட்டியல். பத்து மாநிலங்கள்: ஆர்கன்ஸா, டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி, அலபாமா, ஃப்ளோரிடா, ஜார்ஜியா, தென் கரோலினா, வட கரோலினா, வர்ஜீனியா. உடனே விலக்குகள். லூசியானாவில் நியூ ஆர்லியன்ஸ் உட்பட 13 மாவட்டங்கள், வர்ஜீனியாவில் பின்னர் மேற்கு வர்ஜீனியா ஆன 48 மாவட்டங்கள், மேலும் 7 மாவட்டங்கள். டென்னசி பட்டியலிலேயே இல்லை. எல்லை மாநிலங்களும் இல்லை. அங்கெல்லாம் கிளர்ச்சி இல்லை அல்லது அடங்கிவிட்டது. ஆகவே போர்த்தேவை என்ற வாதம் பொருந்தாது.

பிறகு, அந்த இடங்களில் அடிமைகளாக வைக்கப்பட்டிருப்போர் ‘இப்போதும் இனியும் சுதந்திரர்’ என்ற உத்தரவும், படை அதைக் காக்க வேண்டும் என்ற கட்டளையும். அதன் பின் வருவது பலரும் கவனிக்காத பத்தி: விடுதலை பெற்றவர்கள் ஒன்றியப் படையில் சேர்த்துக்கொள்ளப்படுவார்கள். போரின் போக்கை மாற்றியதில் இந்தப் பத்திக்குப் பெரும் பங்கு உண்டு. போர் முடிவதற்குள் சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் ஒன்றியப் படையில் பணியாற்றினார்கள்.

உணர்ச்சியான வாக்கியம் கடைசியில் ஒன்றே ஒன்று. இது நீதியான செயல் என்று உளமார நம்புகிறேன் என்ற அந்த வரியைச் சேர்க்கச் சொன்னவர் நிதியமைச்சர் சேஸ். அதிலும் லிங்கன் விடவில்லை. ‘ராணுவத் தேவையின் பேரில்’ என்ற சொற்களைத் தன் பங்குக்கு நடுவில் செருகினார்.

## அன்றைக்கு யார் விடுதலை ஆனார்கள்?

யாருமே இல்லை என்பது பொய். தென் கரோலினாவின் கடலோரத் தீவுகள் 1861 நவம்பர் முதலே ஒன்றியப் படை வசம் இருந்தன. விலக்குப் பட்டியலில் அவை இல்லை. அங்கே போர்ட் ராயல் அருகே கறுப்பின வீரர்கள் முன்னிலையில் பிரகடனம் வாசிக்கப்பட்ட அன்றே அது நடைமுறைக்கு வந்தது. வட கரோலினா, ஆர்கன்ஸா, மிசிசிப்பி, ஃப்ளோரிடாவில் படை பிடித்திருந்த பகுதிகளிலும் அப்படியே. எல்லாம் சேர்த்துப் பல்லாயிரம் பேர். மற்ற இடங்களில் படை முன்னேற முன்னேற விடுதலை கூடவே போனது. ஒரு படைப்பிரிவு ஒரு தோட்டத்துக்குள் நுழைந்தால், உரிமையாளர் யார் பக்கம் என்ற விசாரணையே இனி தேவையில்லை. பறிமுதல் சட்டத்தின் சிக்கல் இங்கே தீர்ந்தது.

எல்லாரும் விடுதலை ஆனார்கள் என்பதும் பொய். நான்கு எல்லை மாநிலங்களில் மட்டும் 1860 கணக்குப்படி சுமார் 4,29,000 பேர், டென்னசியில் சுமார் 2,75,000 பேர். பிரகடனம் அவர்களைத் தொடவில்லை.

விலக்குகளை நீக்கிவிடுங்கள் என்று சேஸ் வற்புறுத்தினார். 1863 செப்டம்பர் 2 அன்று லிங்கன் எழுதிய பதில், இந்த விஷயத்தில் ஒரே ஓர் ஆவணம் படிக்க நேரமிருப்பவர்களுக்கு நான் காட்டும் கடிதம். ராணுவ நடவடிக்கை என்பதைத் தவிர அந்தப் பிரகடனத்துக்கு அரசமைப்பிலோ சட்டத்திலோ வேறு ஆதாரம் கிடையாது. விலக்குப் பெற்ற இடங்களில் அந்தத் தேவை இல்லை என்பதால்தான் விலக்கு. இப்போது அதை நீக்கினால், இது எனக்குச் சரியென்று படுகிறது என்பதைத் தவிர என்ன வாதம் சொல்வேன்? எல்லையில்லாத தன்னிச்சை ஆட்சிக்குள் போய்விட மாட்டேனா? கேள்விகளாகவே கேட்கிறார்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: பிரகடனம் ஒரு போர் உத்தரவு. கிளர்ச்சிப் பகுதிகளில் இருந்த மனிதர்களை விடுவித்தது. அடிமைமுறை என்ற மாநிலச் சட்டத்தை எந்த மாநிலத்திலும் ரத்துசெய்யவில்லை.

## ஏன் அது மட்டும் போதாது?

மனிதர்களை விடுவிப்பதற்கும் முறையை ஒழிப்பதற்கும் உள்ள இந்த வித்தியாசம் லிங்கனை உறுத்தியது. போர் முடிந்ததும் போர்க்கால அதிகாரமும் முடியும். அப்போது ஒரு முன்னாள் உரிமையாளர் நீதிமன்றம் போனால்? 1864 அக்டோபரில் இறக்கும்வரை தலைமை நீதிபதியாக இருந்தவர் அதே டேனி. படை எட்டாத தோட்டத்தில் இருந்தவர் போர் முடிந்த நாளில் சுதந்திரரா, அடிமையா? அவருக்கு அடுத்த மாதம் பிறந்த குழந்தை? விடுவிக்கப்பட்ட மாநிலம் ஒன்று, நாளை புதிதாக அடிமைகளைக் கொண்டுவரச் சட்டம் போட்டால் தடுப்பது எது?

பொதுவெளியில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பிரகடனத்தைத் திரும்பப் பெறச் சொன்னவர்களுக்கு 1863 ஆகஸ்டில் எழுதிய கடிதத்தில், அது செல்லாது என்றால் திரும்பப் பெறத் தேவையில்லை, செல்லும் என்றால் செத்தவரைப் பிழைக்கவைக்க முடியாததுபோல் அதைத் திரும்பப் பெறவும் முடியாது என்றார். கொடுத்த வாக்கைக் காக்க வேண்டும் என்றும் எழுதினார். ஆனால் எந்த நீதிமன்றமும் கைவைக்க முடியாத இடத்தில் விடுதலையை எழுதிவைக்க அரசமைப்பு ஒன்றுதான் வழி.

## 13ஆவது திருத்தம்

போர் அந்த மூடிய கதவைத் திறந்தது. பிரிந்துபோன மாநிலங்களின் உறுப்பினர்கள் காங்கிரஸில் இல்லை. அடிமைமுறையை நாடு முழுவதும் ஒழிக்கும் திருத்தத்தை 1864 ஏப்ரல் 8 அன்று மேலவையான செனட் 38க்கு 6 என்று நிறைவேற்றியது. ஜூன் மாதம் கீழவையான பிரதிநிதிகள் சபையில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் விழுந்தது. லிங்கன் அதைத் தன் கட்சியின் தேர்தல் அறிக்கையில் சேர்க்கவைத்தார். நவம்பரில் மீண்டும் வென்றார். புதிய சபை கூடும்வரை காத்திருக்காமல் பழைய சபையிலேயே எதிர்க்கட்சியினரை ஆளாளாகப் பேசிக் கரைத்தார்கள். 1865 ஜனவரி 31 அன்று 119க்கு 56. தேவைப்பட்டது 117, இரண்டு வாக்கு அதிகம்.

திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவரின் கையெழுத்து தேவையே இல்லை. மறுநாள் லிங்கன் அதில் கையெழுத்திட்டார். அதே நாளில் அவருடைய இல்லினாய்ஸ் முதல் மாநிலமாக ஒப்புதல் தந்தது. அப்போது மாநிலங்கள் 36 ஆகியிருந்தன, 27 தேவை. ஏப்ரல் 14 இரவு லிங்கன் சுடப்பட்டார், மறுநாள் காலை இறந்தார். டிசம்பர் 6 அன்று ஜார்ஜியா 27ஆவதாக ஒப்பியது. டிசம்பர் 18 அன்று செவார்ட் திருத்தம் நடைமுறைக்கு வந்ததாக அறிவித்தார். அந்த 27இல் 8 மாநிலங்கள் பிரிந்துபோய்த் தோற்றுத் திரும்பியவை. எந்த மாநிலங்களின் மறுப்பால் திருத்தம் நடக்காது என்று 1861இல் எண்ணினார்களோ, அவற்றிலேயே எட்டு கடைசியில் கணக்கை நிறைவுசெய்தன.

இடையில் மாநிலங்களும் தாங்களே நகர்ந்திருந்தன. மேரிலாந்து 1864 நவம்பரிலும், மிசௌரியும் டென்னசியும் 1865 தொடக்கத்திலும் தத்தம் அரசமைப்பை மாற்றி அடிமைமுறையை ஒழித்தன. டெக்சாஸின் கேல்வஸ்டன் நகரில் 1865 ஜூன் 19 அன்று தளபதி கார்டன் கிரேஞ்சர் விடுதலையை அறிவித்தது பிரகடனத்தின் பேரில். 2021 முதல் ஒன்றிய அரசு விடுமுறையாக இருக்கும் ஜூன்டீன்த் அந்த நாள். அமெரிக்காவில் அடிமைமுறை முடிந்த நாள் அதுதான் என்று எழுதுவதும் சரியல்ல. கென்டக்கியும் டெலவேரும் திருத்தத்தை நிராகரித்தன; பிரகடனம் அங்கே செல்லாது. அந்த இரண்டு மாநிலங்களிலும் மனிதர்கள் டிசம்பர் வரை சட்டப்படி அடிமைகளாகவே இருந்தார்கள்.

திருத்தத்தின் வாசகத்திலும் ஒரு விலக்கு உண்டு. அடிமைத்தனமோ கட்டாய உழைப்போ இருக்கக்கூடாது, ‘முறைப்படி தண்டிக்கப்பட்ட குற்றத்துக்கான தண்டனையாக அன்றி’. போருக்குப் பின் தென் மாநிலங்கள் வேலையின்றித் திரிவது போன்றவற்றைக் குற்றமாக்கிச் சட்டங்கள் போட்டன. கறுப்பின ஆண்களைப் பிடித்துத் தண்டித்து, கைதிகளைத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ரயில்பாதை வேலைக்கும் குத்தகைக்கு விட்டன. அதைச் செய்ய அந்த விலக்கு இடம்கொடுத்தது. கொலராடோ 2018இல் தன் மாநில அரசமைப்பிலிருந்து இதே போன்ற விலக்கை நீக்கியது. நெப்ராஸ்காவும் யூட்டாவும் 2020இல், அலபாமா, ஓரிகன், டென்னசி, வெர்மான்ட் 2022இல் தத்தம் வாசகங்களை மாற்றின. ஒன்றிய அரசமைப்பில் அந்த விலக்கு 1865இல் எழுதியபடியே இருக்கிறது. அதை நீக்க வேண்டுமானால் மீண்டும் அதே வழிதான்: மூன்றில் இரண்டு பங்கு காங்கிரஸ், நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள். இப்போது 50 மாநிலங்கள், தேவை 38.